யூனி வாசலில் இறங்கி கொலிஜுக்கு நடந்தவள்

போன மாதம் எனக்குப் பொன்னாடை போர்த்தி ஓய்வு கொடுத்தார்கள். வயது முப்பத்திமூன்று. சிரிக்காதீர்கள். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ் ரியூசன் நிலையத்தில் முன்மேசையில் இருந்தேன், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அதன் வானையும் ஓட்டினேன். இப்போது வகுப்புகள் எல்லாம் கணினித் திரைக்குப் போய்விட்டன. வானும் வேண்டாம், நானும் வேண்டாம். மேடையில் ஏற்றி, தட்டில் இரண்டு அப்பிளும் ஒரு அன்னாசியும் வைத்துத் தந்து, "அளப்பரிய சேவை" என்று மைக்கில் சொன்னார்கள். ஒருதரம் அளந்து பார்த்திருந்தால் சம்பளத்தைக் கூட்டியிருப்பார்கள்.

ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது பொன்னாடை இல்லை, கீர்த்தனாவின் போன். கீர்த்தனா என்னுடைய கதிரையில் இப்போது அரைநேரமாக, போன் எடுக்க மட்டும் இருக்கிற பெட்டை. இங்கே பிறந்தவள்.

"அண்ணா, பேரன்ற்ஸ் எல்லாம் கோல் பண்ணிக் கேக்கினம். கொலிஜுக்குப் போட்டு யூனிக்குப் போறது நல்லமோ எண்டு. நான் என்ன சொல்ல?"

"ஏன் திடீரெண்டு கேக்கினம்? சூரியன் மேற்கிலை உதிச்சிட்டுதோ?"

"வாசல்ல பெரிய பானர் கட்டியிருக்கு. 'கொலிஜ் வழியாகப் பல்கலைக்கழகம்: புத்திசாலிகளின் பாதை.' மாஸ்ரர் செமினார் வைக்கிறார். டிக்கெற் வேற."

கையில் இருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தேன். நிலையத்தை நடத்துகிற அந்த மாஸ்ரரை எனக்குத் தெரியும். 'கொலிஜ்' என்ற சொல்லைக் கேட்டாலே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுகிற மனிதர். அவருக்குக் கீழே வேலை செய்த காலம் முழுக்க, கொலிஜுக்குப் போன ஒரு பிள்ளையின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. இப்போது அது புத்திசாலிகளின் பாதையாம், நுழைவுக் கட்டணமும் உண்டாம்!

ஊரில் இருந்து புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கொலிஜ் வேறு, யூனி என்கிற பல்கலைக்கழகம் வேறு. கொலிஜில் இரண்டு அல்லது மூன்று வருடம் கையால் செய்து பழகும் படிப்பு. அதில் சில படிப்புகளுக்கு யூனியுடன் ஒப்பந்தம் இருக்கிறது. நல்ல புள்ளியோடு முடித்தால் யூனி அந்தப் பாடங்களைக் கணக்கில் எடுத்து, சில வேளை நேரே மூன்றாம் வருடத்திலேயே சேர்த்துக்கொள்ளும். செலவும் குறைவு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எங்கள் அங்கிள்மார் ஊரில் தாங்கள் படித்த, 'கொலிஜ்' என்று பெயர் வைத்த பள்ளிக்கூடத்தின் பெயரில் பழைய மாணவர் சங்கம் வைத்து, கழுத்துப்பட்டி கட்டி, வருடா வருடம் இரவு விருந்து வைப்பார்கள். பிள்ளை இங்கே கொலிஜுக்குப் போனால் மட்டும் ஜன்னல் சீலையை இழுத்து மூடுவார்கள்.

என் படிப்பைக் கேட்டால் ஒரு பந்தியில் முடிந்துவிடும். வீட்டாரின் விருப்பப்படி நேரே யூனிக்குப் போனேன். முதல் வகுப்பு ஒரு தியேட்டர் அளவு மண்டபத்தில். மேடையில் பேராசிரியர் கட்டைவிரல் அளவில் தெரிந்தார். கை உயர்த்தினேன், அவருக்குத் தெரியவில்லை. பிறகு உயர்த்தவில்லை. பிறகு போகவில்லை. வருட முடிவில் யூனி மிக மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டு என்னை அனுப்பிவிட்டது. அதன்பிறகுதான் மாஸ்ரரிடம் வேலைக்கு வந்தேன். படிப்பில் தோற்றவனை ரியூசன் வாசலில் உட்கார வைத்தது அவருடைய பகிடி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாஸ்ரரின் முறையைச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்காதவர்கள் ஸ்காபரோவில் ஒரு பெரிய கலை நிகழ்ச்சியைத் தவறவிட்டவர்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு பெற்றோர் ஆலோசனைக்கு வருவார்கள். பள்ளிக்கூட றிப்போட்டை அவர் உடனே வாங்கமாட்டார். முதலில் ஒரு தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்து, மூடியைத் தானே திருகித் தளர்த்திக் கொடுப்பார். பிறகு, "ஊரிலை எவடம்?" அவர்கள் சொல்லுவார்கள். "ஓகோ. அங்கை இன்னாரைத் தெரியுமோ?" தெரியும். "உங்கடை தமையன்ரை மகன் இப்ப எங்கை படிக்கிறார்?"

"அவர் யூனியிலை மூண்டாம் வருசம் மாஸ்ரர்."

"ஆ…"

அந்த 'ஆ'வில்தான் வித்தை. அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டியின் நுனியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணாக வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி போடுவார். அதற்குள் அப்பா ஒரு பாதி கரைந்திருப்பார். அதன்பிறகே றிப்போட். அதையும் ஒரு கணம் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைப்பார். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பெயர் கேட்பதும் இல்லை. 'பிள்ளை' என்றால் போதும், எல்லோருக்கும் பொருந்தும்.

அபிராமியும் அப்படித்தான் வந்தாள். அப்பா சிவநேசன் அங்கிள், இரவு வேலைக்காரர், கண் இரண்டும் சிவந்திருக்கும். ஸ்காபரோவின் வோபர்ன் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருந்தார்கள். அபி பதினைந்து வயதில்தான் கனடாவுக்கு வந்தவள். இரசாயனமும் உயிரியலும் தண்ணி பட்ட பாடு. ஆங்கிலம் மட்டும் காலை வாரியது. விரும்பிய யூனி எடுக்கவில்லை. எடுத்த யூனி எங்கேயோ தொலைவில், அவளுக்குப் பிடிக்காத பாடத்துக்கு. கொலிஜ் ஒன்று ஆய்வுகூடப் படிப்புக்கு எடுத்திருந்தது.

மாஸ்ரர் தண்ணீர் கொடுத்து, தமையன் மகனை விசாரித்து, கண்ணாடி துடைத்து முடித்ததும் அபி வாயைத் திறந்தாள். முன்மேசையில் இருந்து நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த அறையில் பிள்ளை பேசுவது வழக்கம் இல்லை.

"சேர், நான் கொலிஜுக்குப் போய் விசாரிச்சனான். ரெண்டு வருசம் நல்லாச் செய்தால் கொலிஜுக்கு எதிரிலை இருக்கிற யூனி மூண்டாம் வருசத்துக்கு எடுக்கும். எழுத்திலை ஒப்பந்தம் இருக்கு. அங்கை இங்கிலீஷ் எழுதப் பழக்குகினம். எனக்கு அதுதான் தேவை."

மாஸ்ரர் அப்பாவைப் பார்த்தார். "பிள்ளை நல்லாக் கதைக்குது."

அங்கிள் தலையைச் சொறிந்தார். "எனக்கும் அவள் சொல்லுறது சரி போலைதான் கிடக்கு மாஸ்ரர். ஆனா ஆக்கள் கேட்டால்?"

"ஆக்கள் கேட்டால் யூனி எண்டு சொல்லுங்கோ. ரெண்டும் எதிரெதிர்தானே, நடுவிலை ஒரு றோட்டு. விடிய எங்கடை வான் யூனிக்குப் போகுது. பிள்ளை அதிலை ஏறட்டும், யூனி வாசலிலை இறங்கட்டும். பிறகு றோட்டைக் கடந்தால் ஆருக்குத் தெரியப் போகுது?"

"எங்கடை பில்டிங் வாசலிலையே பஸ் நிக்குது அப்பா," என்றாள் அபி. "நேரே கொலிஜ் வாசலுக்குப் போகும்."

"பஸ்ஸிலை எங்கடை ஆக்கள் இருப்பினம் பிள்ளை," என்றார் அங்கிள்.

அதோடு கதை முடிந்தது. ஒரு பிள்ளை தன் பாதையைத் தானே தேடி விசாரித்து வந்து சொல்கிறது. இரண்டு பெரிய மனிதர்கள் அது சரி என்று ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டபின் அதை எப்படி ஒளிப்பது என்று திட்டம் போடுகிறார்கள்! திருடப் போகிறவன்கூட இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கமாட்டான்.

வானைப் பற்றிச் சொல்கிறேன். பின்னேரம் சின்னப் பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கும் வான் காலையில் சும்மா நிற்கிறதே என்று மாஸ்ரர் கண்டுபிடித்த சேவை அது. பக்கவாட்டில் நிலையத்தின் பெயர், கீழே 'பல்கலைக்கழகச் சேவை' என்று கொழுத்த எழுத்து. அது ஓடும் விளம்பரம். அதனால்தான் யூனி வாசலில் எல்லோரும் பார்க்கும்படி நின்று இறக்க வேண்டும் என்பது கட்டளை. முதலில் வோபர்னில் அபி ஏறுவாள். பிறகு மூன்று பெட்டைகள். கடைசியாகத் தர்சன்.

தர்சனின் அம்மா சாந்தா அன்ரி நிலையத்தின் பெற்றோர் குழுத் தலைவி. அவருடைய வாய்க்கு மைக் தேவையில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பிள்ளை வந்து சேரும், ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பிள்ளை போய்விடும். ஆகவே மாஸ்ரரின் இரண்டாவது கட்டளை: தர்சன் ஏறாமல் வான் நகரக் கூடாது. தர்சனோ சப்பாத்து நாடா தரையில் இழுபட, வாயில் பட்டர் பூசிய பாண் துண்டோடு, உலகத்தில் அவசரமே இல்லாதவன் போல வருவான்.

"மாப்பிள்ளை வாறார். மேளகாரர் எங்கை, பின்னாலை வருகினமோ?" என்று கேட்பேன்.

சிரிப்பான். ஒருநாளும் திருப்பிப் பேசமாட்டான். போய்க் கடைசி வரிசையில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவான்.

அபிக்கு முன் இருக்கை. முதல் சில மாதம் அவள் கொலிஜின் பெயர் போட்ட மேற்சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருவாள். தையல் எல்லாம் வெளியே தெரியும்.

"என்ன பிள்ளை, இருட்டுக்குள்ளை உடுத்தனியோ?"

"குளிருக்கு இப்பிடித்தான் அண்ணை சூடு."

நான் சிரித்தேன். பிறகு வானின் ஹீற்றரைக் கூட்டிவிட்டேன். படிக்கப் போகிற பிள்ளை சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போகவேண்டி இருக்கிறது.

ஆனால் றோட்டைக் கடந்த பிறகு அவளுக்கு நடந்ததைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும், பொறாமை எரிச்சல். "வகுப்பிலை முப்பது பேர்தான் அண்ணை. ரீச்சருக்கு என்ரை பேர் தெரியும். சரியா உச்சரிக்கிறா வேற." இன்னொரு நாள்: "என்ரை லாப் றிப்போட்டைத் திருப்பித் தந்திட்டா. மூண்டாம் தரம்."

"பெயிலோ?"

"இல்லை அண்ணை. பக்கத்திலை இருத்தி வைச்சு, இந்த வசனத்திலை என்ன சொல்ல நினைச்சாய் எண்டு கேட்டா. சொன்னன். அப்ப அதையே எழுது எண்டா. பிழை விட்டால் திரும்பச் செய்ய விடுகினம்."

பிழை விட்டால் திரும்பச் செய்ய விடுவார்கள்! எனக்கு அந்த ஒரு வசதி கிடைத்திருந்தால் இந்த வானை வேறு யாராவது ஓட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் கிழமையே அபி நுணுக்குக்காட்டி என்கிற மைக்ரோஸ்கோப்பைத் தொட்டாள். இரண்டாவது வருடத்தில், பின்னால் இருந்த யூனிப் பெட்டைகளின் ஆய்வுகூடக் கணக்குகளை அவள் வானிலேயே திருத்திக் கொடுத்தாள். அவர்கள் அவளை என்ன வருடம், என்ன பாடம் என்று கேட்டதே இல்லை. அது ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இடி வந்தது இரண்டாவது வருடத்தின் கடைசித் தவணையில். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நுண்ணுயிர் ஆய்வுகூடம். நெருப்பும் கிருமியும் புழங்கும் இடம் என்பதால், பாதுகாப்பு விளக்கம் தொடங்கியதும் கதவை மூடிவிடுவார்கள். பிந்தி வந்தவர் அன்றைக்கு வராதவர். மூன்று முறை வராதவருக்கு அந்தப் பாடம் இல்லை. அந்தப் பாடம் இல்லை என்றால் யூனி ஒப்பந்தமும் இல்லை. இதுதான் கதை. தர்சன் பாண் சாப்பிட்டு முடிக்கும்வரை வான் நின்றதால் அபிக்கு முன்னால் இரண்டு வியாழன் கதவு மூடிவிட்டது.

"ரீச்சரிட்டைச் சொன்னியோ?"

"என்னெண்டு சொல்லுறது அண்ணை? ஏன் பிந்தினாய் எண்டு கேட்டா. யூனிக்குப் போற மாதிரிக் காட்டிப்போட்டு வாறன் எண்டோ சொல்லுறது?"

அன்று பின்னேரமே மாஸ்ரரிடம் போனேன்.

"மாஸ்ரர், வியாழக்கிழமையிலை வானைக் கொஞ்சம் வெள்ளண எடுப்பம். அபிக்கு எட்டு மணிக்கு லாப்."

"யூனியிலை எங்கடை பிள்ளையள் ஆருக்கும் உந்த நேரம் கிளாஸ் இல்லையே. ஏன் வெள்ளண எண்டு சாந்தா கேட்டால் என்ன சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லுவம்."

கண்ணாடியைக் கழற்றினார். "கோபி, ஒரு பிள்ளைக்காக நாலு பிள்ளையின்ரை நித்திரையைக் குழப்பேலாது."

"படிக்கிறதுக்கெண்டு எழும்புறது அந்த ஒரு பிள்ளைதான் மாஸ்ரர்."

"நீ வானை ஓட்டு. யோசிக்கிற வேலையை நான் பாக்கிறன்."

சிவநேசன் அங்கிளுக்குப் போன் எடுத்தேன். அவர் நல்ல மனிதர்; அதுதான் கூடுதல் கோபம். "தம்பி, எனக்கு விளங்குது. பஸ்ஸிலை விடலாம்தான். ஆனா இவ்வளவு நாளும் வானிலை போனவள் திடீரெண்டு பஸ்ராண்டிலை நிண்டால் நாலு பேர் கேப்பினம். இன்னும் கொஞ்ச நாள்தானே. எப்பிடியும் சமாளிப்பாள்."

சமாளிப்பாளாம். எதை? உண்மையான யூனி அவளுக்கு ஒரு கதவுத் தூரத்தில் இருக்கிறது. இல்லாத யூனியைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கதவை இவர்கள் மூடப் போகிறார்கள். இதைச் செய்கிறவர்கள் எதிரிகள் இல்லை. அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக் கொடுக்கிறவர்கள். அன்றிரவு வானைக் கழுவும்போது 'பல்கலைக்கழகச் சேவை' என்ற எழுத்தைத் தேய்த்த தேய்ப்பில் 'ப' பாதி கழன்றுவிட்டது. தண்ணீரின் அழுத்தம் என்று மாஸ்ரரிடம் சொன்னேன்.

அடுத்த வியாழன். இரவே கொட்டத் தொடங்கிய பனி இன்னும் நிற்கவில்லை. அபி முன்னால் இருந்து மடியில் கையைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பெட்டைகளும் ஏறிவிட்டார்கள். தர்சன் வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தேன். யன்னல் சீலை அசைந்தது. இன்னொரு தரம் அடித்தேன். கதவு திறந்தது. வந்தது தர்சன் இல்லை, சாந்தா அன்ரி. தோளில் சால்வை, கையில் அகப்பை.

"அஞ்சு நிமிசம் தம்பி! பிள்ளை சாப்பிடுது!"

யன்னலை இறக்கினேன். "ஆறுதலாச் சாப்பிடட்டும் அன்ரி. நான் நாளைக்கு வாறன்."

வானை எடுத்தேன். வானின் பக்கக் கண்ணாடியில் அகப்பை உயர்வது தெரிந்தது.

"அண்ணை! என்ன செய்யிறீங்கள்?" அபி என் கையைப் பிடித்தாள்.

"வான் ஓடுறன். அதுக்குத்தானே சம்பளம்."

"மாஸ்ரர் உங்களை வேலையாலை நிப்பாட்டிப் போடுவார்."

"இந்தச் சம்பளத்துக்குப் பனிக்குள்ளை ஓட அவருக்கு ஆர் வரப்போறான்? நீ பெல்ற்றைப் போடு."

போன் அடித்தது. மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். யூனி வாசல் வந்தது, நான் நிறுத்தவில்லை. எதிர்ப்பக்கம் திருப்பி, கொலிஜின் வாசற்படிக்கு முன்னால், 'பல்கலைக்கழகச் சேவை' எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்தினேன். அபி உறைந்துபோய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மூன்று பெட்டைகளில் ஒருத்தி போனில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அபி அக்கா, ஓடுங்கோ. எங்களுக்கு எப்பவோ தெரியும்."

அவள் ஓடினாள். பனியில் ஒரு தரம் வழுக்கி, கம்பியைப் பிடித்து, மறுபடி ஓடினாள். சில நிமிடத்தில் என் போனுக்கு ஒரு செய்தி: 'கதவு திறந்திருந்தது.'

பின்னேரம் மாஸ்ரரின் அறையில் விசாரணை. சாந்தா அன்ரி, தர்சன், மாஸ்ரர் கூப்பிட்டதால் சிவநேசன் அங்கிள், கொலிஜில் இருந்து வந்த கையோடு அபி. தண்ணீர்ப் போத்தல் சாந்தா அன்ரிக்கு மட்டும் வைக்கப்பட்டிருந்தது. மூடியும் தளர்த்தியிருந்தது.

"உந்தப் பனிக்குள்ளை என்ரை பிள்ளையை விட்டிட்டுப் போயிட்டான் மாஸ்ரர். ஆர் இவனுக்கு லைசென்ஸ் குடுத்தது?"

"கவுண்மென்ற் அன்ரி. ரெண்டாம் தரம்தான் குடுத்தது."

"பாருங்கோ, இப்பவும் பகிடி!"

"கோபி, மன்னிப்புக் கேள்," என்றார் மாஸ்ரர். "ஏன் விட்டிட்டுப் போனனி? காரணம் சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கிளின் சிவந்த கண் என்னைக் கெஞ்சியது. நான் வாய்க்காரன்தான். ஆனால் அது என்னுடைய வாயால் வரவேண்டிய கதை இல்லை. "காரணம் இருக்கு மாஸ்ரர். அது என்ரை காரணம் இல்லை."

"என்ரைதான்," என்றாள் அபி. "அன்ரி, நான் யூனி இல்லை. எதிரிலை கொலிஜ். எனக்கு எட்டு மணிக்கு லாப். இண்டைக்குப் பிந்தியிருந்தால் அந்தப் பாடம் போயிருக்கும்."

சாந்தா அன்ரியின் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. முகம் இளகியது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, குரல் செத்தவீட்டுக் குரலாக மாறியது. திட்டியிருக்கலாம், அது மேல்.

"அச்சோ… கொலிஜோ பிள்ளை? என்ன நடந்தது? சிவநேசன் அண்ணை, என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் ஆரோடையும் கதைச்சிருப்பன். கெட்டிக்காரப் பிள்ளை எண்டெல்லோ நினைச்சனான். தர்சன்ரை பழைய நோட்ஸ் எண்டாலும் குடுத்திருப்பன்."

அங்கிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சுவரோடு சாய்ந்து நின்ற தர்சன் முதன்முதலாகப் பேசினான்.

"அம்மா, அவளுக்கு எட்டு மணிக்கு லாப் இருக்கு. எனக்குக் கிளாஸ் ஒண்டும் இல்லை."

"இண்டைக்கு இல்லையோ? அப்ப ஏன் என்னை வெள்ளண எழும்பிச் சமைக்க வைச்சனி?"

"இண்டைக்கு எண்டில்லை. போன கோடை லீவோடை யூனி என்னை நிப்பாட்டிப் போட்டுது. நான் கன்ரீனிலை போய் இருக்கிறனான். பின்னேரம் வான் வரும்வரைக்கும்."

தர்சன் தன் சப்பாத்து நாடாவைப் பார்த்தபடியே தொடர்ந்தான்.

"ஒவ்வொரு நாளும் இவள் றோட்டைக் கடந்து போறதைக் கன்ரீன் யன்னலாலை பாத்துக்கொண்டிருப்பன். போறதுக்கு ஒரு இடம் இருக்கே எண்டு நினைப்பன். எனக்கு எங்கையும் போறதுக்கில்லை. அதுதான் விடிய எழும்ப மனம் வாறேல்லை." அபியைப் பார்த்தான். "மன்னிச்சுக்கொள்."

நான் எத்தனை காலைகளில் அவனை மாப்பிள்ளை என்று நக்கலடித்தேன்! அவனுக்கு ஏன் திருப்பிப் பேச வாய் வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சாந்தா அன்ரி தண்ணீர்ப் போத்தலை எடுத்தார், குடிக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் ஒரு கல்விமான் என்ன செய்திருக்க வேண்டும்? மாஸ்ரர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். "இஞ்சை கதைச்சது ஒண்டும் வெளியிலை போகப்படாது. தர்சன் வழமை போலை வானிலை வரட்டும். ஆருக்கும் ஒண்டும் தெரிய வேண்டாம்."

என் வாய் அதற்கு மேல் பொறுக்கவில்லை. "கதவைத் திறவுங்கோ மாஸ்ரர். மூடின கதவைப் பாத்துப் பாத்தே இந்தப் பிள்ளை களைச்சுப் போச்சு. ஒரு பிள்ளை படிக்கிற இடத்தை ஒளிக்குது. மற்றப் பிள்ளை படிக்காததை ஒளிக்குது. ரெண்டும் உங்கடை வானிலைதான் போகுது. இன்னும் எவ்வளவு பேரை ஏத்தப் போறியள்?"

மாஸ்ரர் திறக்கவில்லை. சாந்தா அன்ரிதான் எழுந்து திறந்தார். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாந்தா அன்ரிக்கே உண்மை தெரிந்துவிட்டதால் மாஸ்ரருக்குத் தடுக்கக் காரணம் இல்லை; வியாழக்கிழமைகளில் வான் வெள்ளண புறப்பட்டது. அபி ஒரு லாப்பையும் பிறகு தவறவிடவில்லை. பாடத்தில் மேலே வந்தாள். யூனி அவளுடைய கொலிஜ்ப் பாடங்களை ஏற்று மூன்றாம் வருடத்தில் எடுத்தது. அங்கே ஆய்வுகூடத்தில் மற்றவர்கள் கையுறை தேடிக்கொண்டிருக்க அவள் வேலையை முடித்துவிடுவாளாம். தர்சன் அடுத்த வருடம் அதே கொலிஜில் குளிரூட்டி திருத்தும் வேலை படித்தான். சாந்தா அன்ரி என்னோடு வெகுகாலம் பேசவில்லை. பிறகு ஒருநாள் போன் எடுத்து, குரலைத் தாழ்த்தி, தங்கை மகளுக்கு எந்தக் கொலிஜ் நல்லது என்று கேட்டார். குரலை உயர்த்திக் கேட்டால்தான் சொல்வேன் என்றேன். உயர்த்திக் கேட்டார்.

கீர்த்தனா, பெற்றோருக்கு இதைச் சொல். எல்லாப் பிள்ளையும் கொலிஜுக்குத்தான் போகவேண்டும் என்று இல்லை. நேரே யூனிக்குப் போய்ப் பிய்த்து உதறுகிற பிள்ளைகளும் உண்டு. கொலிஜ்ப் பாடம் எல்லாவற்றையும் யூனி ஏற்பதும் இல்லை. சேருமுன்னே எந்தப் படிப்புக்கு எந்த யூனியோடு ஒப்பந்தம், என்ன புள்ளி வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். அபி அதைத்தான் செய்தாள், பதினெட்டு வயதில், யாரும் சொல்லாமல். இதற்கு டிக்கெற் தேவையில்லை. கொலிஜில் கேட்டால் சும்மா சொல்வார்கள்.

போன கிழமை மாஸ்ரர் எனக்குப் போன் எடுத்தார், பொன்னாடைக்குப் பிறகு முதல் தடவை. பானரில் போட அபியின் படம் வேண்டுமாம். "எங்கடை நிலையத்தின்ரை வழிகாட்டலிலை வந்த பிள்ளையெல்லோ!" எனக்கு வந்த கோபத்தில் போன் சூடாகிவிட்டது. ஆனாலும் அபியிடம் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. "மாஸ்ரரிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ அண்ணை. நான் என்ன படிச்சனான் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

கேட்டேன். மறுமுனையில் ஒரு 'ஆ…' வந்தது. மூக்குக்கண்ணாடி கழன்றிருக்க வேண்டும்.

ஆனால் அவளுடைய அப்பாவுக்குத் தெரியும். அவருக்கு அது தெரிய வந்தது அந்த விசாரணை நடந்த பின்னேரம்தான். அபியின் அம்மா காரை வேலைக்குக் கொண்டுபோயிருந்ததால் அங்கிளையும் அபியையும் நான்தான் வானில் கொண்டுபோய் விட்டேன். அங்கிள் முன்னால், அபி பின்னால். பனி விட்டிருந்தது. நான்கைந்து சிக்னல் தாண்டினோம். பிறகு அங்கிள் திரும்பாமலே கேட்டார்:

"பிள்ளை, உந்த லாப்பிலை என்னதான் செய்யிறனீங்கள்?"

இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. "கிருமி வளக்கிறம் அப்பா."

"என்ன கிருமி?"

"இந்தக் கிழமை ஈஸ்ற்."

அங்கிள் பெல்ற் இழுக்க இழுக்க முழுசாகப் பின்னால் திரும்பினார். அவர் வேலை செய்வது ஒரு பாண் தொழிற்சாலையில், மா குழைக்கும் பிரிவில்.

"ஈஸ்ற்ரோ? பாணுக்குப் போடுறதோ?"

"ஓம் அப்பா. அதேதான். உயிரோடை இருக்கிற சாமான்."

"சூடு கூடினால் மா பொங்காது எண்டு சுப்பர்வைசர் கத்துவான். ஏன் எண்டு கேட்டால் அவனுக்கும் தெரியாது."

"சூடு கூடினால் அது செத்துப் போகும். நாங்கள் அதைத்தான் பாக்கிறம். வேற வேற சூட்டிலை வைச்சு, எவ்வளவு மிஞ்சுது எண்டு எண்ணுவம்."

"எண்ணுவியளோ? கண்ணுக்குத் தெரியுமோ அது?"

"நுணுக்குக்காட்டியிலை தெரியும். சின்னச் சின்ன முட்டை மாதிரி. ஒண்டிலை இருந்து இன்னொண்டு முளைக்கும்."

அவர்களுடைய கட்டட வாசலில் வானை நிறுத்தினேன். இருவரும் இறங்கவில்லை. அபி விரலால் யன்னலில் படிந்த ஆவியில் வட்டம் வட்டமாகக் கீறிக் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கிள் இருக்கைக்கு நடுவால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அபி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு வேலைக்கு நேரமாகுது."

"பிந்தினால் பிந்தட்டும். நீ சொல்லு."